காணாமல் போனவன் தேநீர் குடித்த கதை

சொந்தக் காற்றுச் சிலிண்டருடன் போர்ட்டிக்சன் கடலில் முக்குளிக்கப் போனேன். கரையோர டைவிங் கடைக்காரர், "பேர் எழுதிட்டு இறங்குங்கண்ணே" என்றார். "கடல் என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்று சீறிவிட்டுப் பாறைப் பக்கமாக இறங்கினேன்.

கலங்கிய நீரில் காலை ஏதோ உரசியது. சுறாவென்று பதறி நீந்தி, வெகுதூரம் தள்ளிக் கரையேறினால், காலில் பிளாஸ்டிக் பை! வெட்கம் போகத் தே தாரிக் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கடை முன்னே கூட்டம்; எல்லார் கண்ணும் கடல்மேல்.

"யாரைக் காணோம்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"பேர் எழுதாம இறங்கின ஒருத்தன்லா. வாய் மட்டும் பெருசு. அவனைத் தேடிக் கடல்ல இறங்கின கடை முதலாளி இன்னும் மேல வரல."

கடைக்காரர் தலை நீருக்கு மேலே தெரியும்வரை நான் கும்பிடாத சாமியில்லை. என்னைக் கண்டவர் திட்டவேயில்லை. "வந்துட்டீங்களாண்ணே" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போதெல்லாம் பெயர் எழுதிவிட்டே இறங்குகிறேன். கரையேறியதும் முதலில் கடையில் முகத்தைக் காட்டுகிறேன். தேநீர் அதற்குப் பிறகுதான்.