ஆறாவது பட்டன்

என் அண்ணிக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் இப்போது டீ குடிக்கலாம், எவர் குடித்தது போதும் என்பதையெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வார். குரலை உயர்த்தியதே கிடையாது. "டிரைவர் அண்ணன் கொஞ்சம் வண்டிக்கு வரலாமா" என்று சாதுவாகத்தான் கேட்பார். அந்த டிரைவர் அண்ணன் மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டு ஓடுவார். டிப்போவில் அண்ணிக்குக் 'கடிகாரம்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது என்றும் யாரும் நினைத்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவன் என் அண்ணன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அங்கே அவன் சொல்லி ஒரு ஃபேன் சுற்றாது. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டான். மாடிப்படிக்குக் கீழே கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டியை வைத்து, வீட்டிலிருக்கும் லைட், ஃபேன், மோட்டார், டிவி, மாடியில் என் குளியலறை ஹீட்டர் வரை எல்லாவற்றையும் அதன் சொல்பேச்சு கேட்க வைத்தான். சமையலறைச் சுவரில் ஆறு பட்டன் வைத்த பலகை ஒன்று. ஐந்துக்கு வேலை கொடுத்தான். ஆறாவதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா விட்டான். அண்ணி இருக்கும் வீட்டில் எதையாவது சும்மா விடலாமா?

இரண்டு சாதனங்களைச் சேர்த்து வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுவரிலிருக்கும் பட்டனை பீப் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சாதனத்தை மாட்டியிருக்கும் பிளக்கில் இருக்கும் சின்னப் பட்டனை அதேபோல அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லியாயிற்று. இனி இது சொன்னால் அது கேட்கும். கன்ட்ரோலரைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணன் ஓடி ஓடி வேலை செய்தபோது, "கொஞ்சம் இதை அமுக்கிப் பிடி" என்று அண்ணியைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டான். அண்ணிக்கு எதையும் ஒரு தடவை காட்டினால் போதும்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் அண்ணன் டிவி முன்னால் உட்காருவான். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இவன் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்வான். ஒருநாள் விவாதம் சூடுபிடிக்கிற நேரத்தில் டிவி தானாக அணைந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அடடா, போயிடுச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் அணைந்தது. அதற்கு மறுநாளும். பிளக் சூடாகிவிடுகிறது, அதற்கு ஓய்வு தேவைப்படுகிறது என்று அண்ணன் ஒரு காரணம் கண்டுபிடித்தான். புது பிளக் வாங்கி மாட்டினான். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு அதற்கும் அதே வியாதி. தினமும் அண்ணி வந்து அடடா சொல்வார். இவன் பிளக்கைத் திட்டுவான். அப்படியே இருவரும் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இந்த ரகசியம் தெரிய வந்தது தற்செயலாகத்தான். நான் பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைனர். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மாடியில் சாவகாசமாகப் பாடிக்கொண்டே குளிப்பேன். என் ஹீட்டரும் அடிக்கடி பாதியில் படுத்துவிடும். அன்றும் படுத்துவிட்டது. தலையில் சோப்பும் இடுப்பில் துண்டுமாக முறையிடக் கீழே இறங்கினேன். அண்ணியின் விரல் ஆறாவது பட்டனிலிருந்து அப்போதுதான் விலகியது. ஹாலில் டிவி ஊமையாகியிருந்தது.

அண்ணி பதறவில்லை. "தம்பிக்கு நாளைக்குக் காலைல டிபன் வேணும்தானே?" என்றார்.

"வேணும் அண்ணி."

"அப்ப மேல போய்க் குளிங்க."

செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மாடியேறினேன். ஹீட்டரைப் பற்றிச் சொல்ல வந்ததை மறந்தே போனேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு மின்னல் விழுந்தது. நிஜ மின்னல்தான். கன்ட்ரோலர் கருகிப்போனது. அண்ணன் புதிது வாங்கி வந்து மாட்டினான். அதற்கு இந்த வீட்டில் யாரையும் தெரியவில்லை. இங்கே இருந்தவையோ பழையதன் பேச்சைத் தவிர வேறெதையும் கேட்கத் தயாராக இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் சொன்னபடியே குழம்பு வைக்கும் மருமகள்களைப் போல அவை நடந்துகொண்டன. அண்ணன் ஃபோனில் வாசல் லைட்டைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் ஓடும்போது நின்றுவிட்டதாகக் காட்டியது.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து பண்ணிடுங்களேன்" என்றார் அண்ணி. காலி மாத்திரை அட்டையைக்கூட எறியாதவர் இப்படிச் சொன்னது எனக்கே விநோதமாக இருந்தது.

"அழிக்கக் கூடாது. எது எதுகூடச் சேர்ந்திருக்குன்னு முதல்ல தெரியணும். ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாக்கப் போறேன்" என்றான் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் டிபன் தெரிந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் பயமும் தெரிந்தது. அவரிடம் அதை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் மானஸ்தன். தன் கையால் கட்டிய ராஜ்ஜியத்தில் தன்னையே ஒருத்தி இத்தனை நாளாக ஆட்டிவைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் என்ன ஆவான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விடுமுறை நாள் காலையில் சோதனை ஆரம்பித்தது. எல்லாவற்றையும் போட்டுவைத்தோம். அண்ணன் சமையலறையில் பட்டன் முன்னால். நான் ஹாலில் டிவி பக்கத்தில். அண்ணி மாடியில். எது அணைகிறது, எது எரிகிறது என்று அவரவர் கத்திச் சொல்ல வேண்டும். முதல் ஐந்தும் பழுதில்லாமல் போயின.

"ஆறு!" என்றான் அண்ணன்.

டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் பாதி வார்த்தையில் மறைந்தாள்.

"ஒண்ணும் ஆகலண்ணா" என்றேன்.

"டிவி சத்தம் நின்னுடுச்சே?"

"நான்தான் மியூட் பண்ணேன். நீ சொல்றது சரியா கேக்கல."

மறுபடி அமுக்கினான். அவள் திரும்பி வந்து அடுத்த செய்தியை ஆரம்பித்தாள். "மியூட்டை எடுத்துட்டேன்" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் பொருத்தமாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன்.

அண்ணன் ஹாலுக்கு வந்தான். ரிமோட் ஷோகேஸ் மேல் எனக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்தான். "நீ போய் ஆறை அமுக்கு."

போனேன். விரல் தானாகவே ஐந்தை அமுக்கியது. பின்கட்டில் மோட்டார் இரைந்தது.

"அது அஞ்சு. நான் சொன்னது ஆறு."

ஆறை அமுக்கினேன். ஹால் அமைதியானது. யாரும் எதுவும் கேட்காமலே, மாடியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"இங்க ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். ஹீட்டரைப் பற்றி இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? டிவி பட்டனுக்கும் என் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிற இடமும் அண்ணன் விவாதம் சூடுபிடிக்கிற இடமும் ஒரே நேரத்தில்தான் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்துகொண்டிருந்தன. அதில் ஒரு மாங்காய் நான். அந்தக் கல்லுக்குக் காவல் காத்தவனும் நானேதான்.

அண்ணி இறங்கி வந்தார். அண்ணன் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். ஒரு டிப்போவையே சமாளிப்பவர். ஆனால் அவன் கத்தவில்லை.

"பிளக் சூடாகலையா?"

"இல்லங்க."

"புதுசு மாத்தினேனே, அதுலயும் நீதானா?"

"நான்தான்."

"டிவி போகுது, விடு. தினமும் வந்து அடடான்னு சொல்லிப் பக்கத்துல உக்காந்தியே. நமக்குப் பாவம் பாக்க ஒரு ஆள் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுவும் நடிப்புதானா?"

எனக்கு என் அண்ணனை நினைத்துப் பாவமாக இருந்தது, என் மியூட்டை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அண்ணி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். எந்த டிரைவருக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துப் பதில் சொன்னதில்லை.

"அடடா சொன்னது நடிப்பு. உக்காந்தது நடிப்பில்ல" என்றார். "காலைல நான் கிளம்பறப்ப நீங்க தூங்கறீங்க. சாயங்காலம் நீங்க வரப்ப நான் அடுப்படியில நிக்கறேன். சாப்பிட்டு முடிச்சா அந்த நாலு பேர் வந்துடறாங்க. நான் எப்ப உங்ககூட உக்காரறது? ஊர்ல இருக்கற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் ஒதுக்கறேன். எனக்கு யாரும் ஒதுக்கல, நானே ஒதுக்கிக்கிட்டேன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. அப்ப டிவி ஓடிட்டிருந்துது."

அண்ணன் எழுந்து டிவிக்குப் பின்னால் போனான். சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்தான். நீளமாக ஒரு பீப் கேட்டது. அந்தப் பிளக் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். மத்தியானம் குழம்பில் உப்பில்லை. நாங்கள் இரண்டு பேரும் உப்பிருப்பது போலவே சாப்பிட்டோம். அதன் பிறகு பொழுது சாயும்வரை அண்ணன் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, புது கன்ட்ரோலருக்கு ஒவ்வொரு சாதனமாக அறிமுகம் செய்துவைத்துக்கொண்டிருந்தான். அண்ணி அந்தப் பக்கமே வரவில்லை.

ராத்திரி வழக்கம்போல அந்த நாலு பேர் வந்தார்கள். அண்ணன் உட்கார்ந்தான், கத்தவில்லை. நான் சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கினார். சுவர்ப் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

விவாதம் சூடுபிடிக்கிற நேரத்தில் டிவி அணைந்தது.

அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தார். "சத்தியமா நான் அமுக்கலங்க."

"தெரியும்" என்றான் அண்ணன். சோபாவின் கைப்பிடியில் புதிதாக ஒரு சின்ன பட்டன் ஒட்டியிருந்தது. அதன் மேலிருந்து விரலை எடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். "அடடா, போயிடுச்சு. வந்து உக்காரு."

அண்ணி கையைத் துடைக்க மறந்தே உட்கார்ந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

மாடிக்குப் போய்க் குளிக்க நின்றேன். மனசு நிறைந்திருந்ததால் பாட்டும் நன்றாக வந்தது. இரண்டாவது அடியைத் தூக்கிப் பிடித்தேன், குழாயில் பச்சைத் தண்ணீர் கொட்டியது. அண்ணன் மறக்க வைத்தது டிவி பிளக்கை மட்டும்தான். ஆறாவது பட்டனுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்திருக்கிறது. தலையில் சோப்போடு படிக்கட்டு வரை வந்தேன். சமையலறைப் பக்கமிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்து முடித்தேன்.