பால் டின் தண்ணீர்

எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, மஞ்சள் நிறத்தில் டீ-சட்டை உண்டு, வாட்ஸ்அப் குழு உண்டு. தேனீ வைக்கத்தான் இடம் கிடையாது. தலைவர் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கொண்டோமினியத்தின் மேல் மாடியில். அங்கே பூனை வளர்ப்பதற்கே நிர்வாகம் விடாது. மற்றவர்களும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள்தான். கிள்ளானில் எங்களுடையது மூலை வீடு, பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. அதனால் சங்கத்தின் பெட்டிகள் அத்தனையும் ஒரு சனிக்கிழமை லோரியில் வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் இறங்கின. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மூன்று வேளையும் சாப்பாட்டில் குறை சொல்வதே அவருக்கு வேலையாக இருந்தது. தேனீ வந்த பிறகு மனிதர் மாறிப்போனார். காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். சட்னியில் உப்பு இல்லையென்றாலும் அவருக்குத் தெரியாது. எனக்கும் நிம்மதி.

இவை கெலுலுட் தேனீக்கள். ஈயை விடச் சின்னது, கறுப்பாக இருக்கும், கொட்டாது. மரக்கட்டையின் பொந்தில் கூடு கட்டும். கட்டையின் தலையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் அதில் தேன் சேரும். வாசலுக்கு மெழுகிலும் பிசினிலும் ஒரு சின்னக் குழாய் கட்டிவைத்திருக்கும். தேன் புளிக்கும். அந்தப் புளிப்பைப் பற்றித் தலைவர் பேச ஆரம்பித்தால் சர்க்கரை நோயிலிருந்து மூட்டுவலிவரை எல்லாவற்றையும் குணப்படுத்திவிட்டுத்தான் உட்காருவார்.

கெலுலுட்டுக்கு எதிரி எறும்பு. ஆகவே பெட்டி நிற்கும் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலையும் ஒரு காலிப் பால் டின்னுக்குள் இறக்கி, டின்னில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். எறும்பு தண்ணீரைத் தாண்டாது. கொசு வரும், தண்ணீருக்குப் பதில் பழைய இஞ்சின் எண்ணெயை ஊற்றுங்கள் என்று நான் முதல் நாளே சொன்னேன். எண்ணெய் வாடை தேனீக்கு ஆகாதாம். இயற்கை முறைதான் நம் சங்கத்தின் கொள்கை என்று தலைவர் எனக்கு விளக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் முறைவைத்து வந்து எல்லா டின்னிலும் தண்ணீரை மாற்றிவிடுவார், அக்காவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அதில் குறையே வைக்கவில்லை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து, ஸ்ட்ரா விட்டுத் தேனை உறிஞ்சி, படம் எடுத்து, என் வீட்டு மேசையில் உட்கார்ந்து தோசையோ மீகூன் சேமியாவோ தின்றுவிட்டுப் போனார்கள். டின்னைத் தொட்டவர் யாரும் இல்லை. அவர்கள் போன பிறகு நான் குனிந்து குனிந்து ஒவ்வொரு டின்னாகத் தண்ணீரைக் கொட்டி மாற்றுவேன். என் கணவருக்கு அது தெரியும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே வரும்போது, விடேன், அவங்க பாத்துக்குவாங்க என்பார்.

ஈப்போவில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நான் போய் அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக்குள் பகலிலேயே கொசு. மழைக் காலம், அப்படித்தான் இருக்கும் என்றார் கணவர். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல் வலி. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கி என்று சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டெங்கி என்றால் சுகாதார இலாகாவுக்குத் தகவல் போய்விடும். அவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரு முழுக்க மருந்துப் புகை அடிப்பார்கள். அந்தப் புகையில் கொசு சாகிறதோ இல்லையோ, தேனீ செத்துப்போகும்.

நான் வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள், பார்வையாளர் நேரம் தொடங்கி என் கணவர் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் தலைவர் போனில் கூப்பிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவில் புகை என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. காய்ச்சல் அப்போது விட்டிருந்தது. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது, கூட ஆள் இருந்தால் நல்லது என்று டாக்டர் காலையிலேயே என் கணவரிடம் போனில் சொல்லியிருந்தார். என் ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கணவர் போனை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒரு மணி நேரம்தான். பெட்டி வாசலை அடைச்சி, ஈரச் சாக்கு போட்டு மூடிட்டு வந்துடுறேன்."

"வேற ஆளே இல்லையா? அவரைப் போகச் சொல்லுங்க."

"அவரு பிரிக்ஃபீல்ட்ஸ்லருந்து வரணும்லா. ஜாம்ல மாட்டிக்குவாரு."

போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குக் கைகால் சில்லிட்டது. வயிறு வலித்தது. பொத்தானை அழுத்தக்கூட வலு இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் டிரிப் கம்பியையும் இழுத்துக்கொண்டு போய்த் தாதியரைக் கூட்டிவந்தார். இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்று ஓடினார்கள், திரை போட்டார்கள், இன்னொரு கையிலும் ஊசி ஏற்றினார்கள். நான் பிழைப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் அழுதேன். அந்த அம்மா என் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, உன் கணவர் எங்கே என்று கேட்டார். தேனீயை மூடப் போயிருக்கிறார் என்று மலாயில் எப்படிச் சொல்வது? வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

பார்வையாளர்களை வெளியே அனுப்பும் நேரத்தில்தான் அவர் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் புகை வாடை. திரை போட்டிருந்ததையோ, இரண்டு கையிலும் ஊசி ஏறியிருந்ததையோ அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"எல்லாம் தப்பிச்சிடுச்சு," என்றார்.

தாதி அவரைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். திரும்பி வந்து என் நெற்றியில் கை வைத்தார். வெளியே போகச் சொல்லியும் கட்டில் பக்கத்திலேயே நின்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் சொன்ன வார்த்தையை அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பால் டின் ஒவ்வொன்றிலும் இஞ்சின் எண்ணெய் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு அவராகவே சொன்னார். புகை அடித்த அன்றைக்கு இலாகா ஆட்கள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த டின்களில்தான் கொசுப்புழு நெளிந்ததாம். என் கணவரை நிற்கவைத்துக் காட்டிவிட்டு அவர்களே தண்ணீரைக் கீழே கொட்டினார்களாம். ஆக, அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தார், துணி துவைத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் ஆண்டு விருந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். நானும் போனேன். தலைவர் மைக்கைப் பிடித்து என் கணவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்திலும் சங்கத்தின் தேனீக்களைக் காப்பாற்ற ஓடியவர் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என்னையும் தட்டச் சொல்லி முழங்கையால் இடித்தாள். தட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தலைவருக்கு விருந்தில் ஒரு புத்திமதியாவது சொல்லாமல் முடிக்க வராது.

"இதுல நம்ம பெண்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. பூச்சட்டித் தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க. அக்கா வீட்டுல நடந்தது நாளைக்கு உங்க வீட்டுலயும் நடக்கலாம்."

என்னிடம் பூச்சட்டியே கிடையாது. ஒரு கறிவேப்பிலை, ஒரு வெற்றிலைக்கொடி, இரண்டும் மண்ணில் நிற்கின்றன. மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் தோசை தின்ற இவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். இருந்தும் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பாவம் என்பது போலவும், இவ்வளவு அசட்டையா என்பது போலவும். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கையில் மைக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அவர் எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு, பொன்னாடையின் ஜரிகையைச் சரிசெய்துகொண்டே இறங்கி வந்தார். பிறகு என்னையும் அழைத்து ஒரு போத்தல் தேன் கொடுத்தார்கள், உடம்பைத் தேற்றிக்கொள்ள.

வீடு திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம் போல நெரிசல். கார் நின்றுகொண்டிருக்கும்போதுதான் கேட்டேன்.

"புழு எந்த டின்ல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

தெரியாது என்று அவர் சாதிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கார் நகர்ந்தும் இவர் நகர்த்தவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"சொன்னா, பெட்டிய எல்லாம் வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க," என்றார்.

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தலைவருக்குப் பயந்தேன், கூட்டத்தில் வாய் வரவில்லை என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மன்னித்தும் இருப்பேன். இந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். எது போய்விடக் கூடாது என்று அவருக்கு நெஞ்சு பதறுகிறதோ, அது நான்தான் என்று நாற்பது வருடமாக நினைத்திருந்தேன்.

பெட்டிகள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டைகள் வருகின்றன. தோசை மட்டும் நான் சுடுவதில்லை, கடையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். போத்தல் தேனை அவர்தான் தீர்த்தார். போன வாரம் தெருவில் இன்னொரு வீட்டில் டெங்கி. சாயங்காலம் புகை வண்டியின் சத்தம் கேட்டதும் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். நான் எழுந்து போய், என் அறையின் ஜன்னலை நானே சாத்திக்கொண்டேன்.