பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய் பீரோ

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பீரோ, கட்டில், கிரைண்டர் முதலான சாமான்கள் பட்டறை வாசலைத் தாண்டும்போது என்ன விலை என்று நாட்டுக்குத் தெரிவிக்கும் பெரும் பொறுப்பு ஆறுமுகசாமியிடம் இருந்தது. நாட்டுக்கு இது தெரியாது. மனைவி ஜானகியம்மாளுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். "பத்தாந்தேதியானா பீரோவ விசாரிக்கப் போயிருவாருங்க" என்பார் பக்கத்து வீட்டில்.

வயது ஐம்பத்திரண்டு. விலைவாசிக் கணக்கெடுக்கும் சர்க்கார் ஆபீஸில் எட்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கையில் வண்டிச்சாவி ஆடும். கல்யாணத்துக்குப் போனால் சீர்க்கட்டிலைத் தட்டிப் பார்த்து, "வரி சேர்க்காம எவ்வளவுங்க?" என்று பெண்வீட்டாரைக் கேட்டுக் கலங்கடிப்பார்.

வேலையின் விதி ஒன்றுதான். மாதாமாதம் அதே பட்டறை, அதே பொருள். அவருக்கு வாய்த்தது மோகனசுந்தரம் பட்டறையின் ஆறரை அடி பீரோ: இரண்டு கதவு, ஆளுயரக் கண்ணாடி, பழுப்பு பெயிண்ட். போன மாத விலை பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது.

இந்த முறை நீட்டிப்புக்கு முன் மேற்பார்வையாளர் சோனா மேடம் பாலக்காட்டிலிருந்து வியாழக்கிழமை நேரில் வந்து அந்தப் பீரோவைப் பார்ப்பார் என்று திங்களன்று தகவல் வந்தது. அரைமணியில் ஆறுமுகசாமி பட்டறையில் நின்றார்.

"ஏனுங்க, நம்ம பீரோ எங்கீங்க?"

மோகனசுந்தரம் வெல்டிங்கை நிறுத்தினார். "அதையச் செஞ்சு பதினாலு மாசமாச்சுங்க. இப்ப ஆரு கண்ணாடி வெச்சது கேக்கறாங்க?"

"மாசாமாசம் வெல சொன்னீங்களே!"

"வேகாத வெயில்ல வர்றீங்க. இல்லீங்கன்னு வாசல்லயே திருப்பியனுப்ப வாய் வருமுங்களா?"

"மாசம் அம்பது ரூவா ஏத்துனீங்களே, அது?"

"ஒரே வெலையச் சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப்போவுதுங்க."

ஆக, பதினான்கு மாதமாக இந்தியாவின் விலைவாசி மோகனசுந்தரத்தின் மரியாதையால் ஏறிக்கொண்டிருந்தது. ஆறுமுகசாமி பட்டறைக்குள் நாலு நடை நடந்தார், வெளியே போனார், திரும்பி வந்தார். "வியாழக்கிழமைக்குள்ள ஒண்ணு செஞ்சிருங்க" என்றார்.

செய்தார்கள். மூன்று நாளும் அவர் அங்கேயே நின்று, பெயிண்ட் காய்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டு, மூன்று இடத்தில் மறுபடி அடிக்க வைத்தார்.

சோனா மேடம் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், அளந்தார். எல்லாம் சரி. "இனி பில் காட்டுங்க சாரே" என்றார்.

பில் ஏது? "இன்னும் விக்கலீங்க மேடம்" என்றார் ஆறுமுகசாமி.

"விக்காத சாமானுக்கு விலை உண்டா? முன்ன உள்ளதை ஞான் கேக்கலை. இந்த மாசம் ஒரு பில் வேணும். இல்லைன்னா கையெழுத்துப் போட முடியாது."

சாவி ஆடுவது நின்றது. "இப்ப விக்குதுங்க மேடம். வாங்கறது நானு."

மோகனசுந்தரம் உருகிவிட்டார். "உங்களுக்குன்னா பதினஞ்சு போதுமுங்க."

"பதினெட்டாயிரத்தி அறுநூத்தம்பது!"

"உங்ககிட்ட லாபம் பாத்தா ஊர்ல என்னைய மதிப்பாங்களா? சரி, பதினாறு. அதுக்கு மேல கேக்காதீங்க."

"ஒரு ரூவா கொறச்சீங்கன்னா எனக்குப் பீரோவே வேண்டாமுங்க."

வெல்டிங்காரர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் வாங்குகிறவர் விலையை ஏற்றப் பேரம் பேசி, விற்கிறவர் இறக்கப் பேசி அவர்கள் பார்த்ததில்லை. பதினேழில் மோகனசுந்தரம் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார். ஆறுமுகசாமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். கடைசியில் ஆறுமுகசாமி வென்றார். பில் எழுதப்பட்டது.

சோனா மேடம் அதைப் படம் பிடித்துக்கொண்டு டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டார். "ஆறு மாசம் நீட்டியாச்சு. அடுத்த மாசமும் இதே பீரோ, பில்லோட. மறக்காதீங்க சாரே." ஜீப் கிளம்பிவிட்டது.

"அப்ப மாசம் ஒண்ணு செய்யோணுமுங்களா?" என்றார் மோகனசுந்தரம்.

ஆறுமுகசாமி பட்டறை அளவு டேப்பை எடுத்துப் பீரோவின் அகலத்தை அளந்தார். வீட்டில் இருப்பது இரண்டே அறை. கையில் சாவி மறுபடி ஆடத் தொடங்கியது.