மதினியின் எழுத்தில்லாக் கதைகள்

சேலைப் பெட்டி அட்டையின் உட்புறம் வெள்ளையாக இருக்கும். திருச்சுழியில் அண்ணனுக்குத் துணிக்கடை. அதனால் அண்ணன் மனைவியான மதினிக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. பிறவியிலேயே காது கேளாத, பேச்சும் வராத அவர், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவற்றில் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பார். ஓர் அட்டைக்கு ஒரு படம். வரிசையாக அடுக்கினால் கதை. ஓர் எழுத்துகூட இருக்காது.

அவருடைய மகள் மூன்று வயது முடிந்தும் வாய் திறக்கவில்லை. குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லியும் என் அம்மாவின் பயம் அடங்கவில்லை. "பேசாத ஆத்தாகூடவே கெடந்தா புள்ளைக்கு எங்கிட்டுருந்து பேச்சு வரும்? கொஞ்ச நாளு அருப்புக்கோட்டையில நம்ம வீட்ல வளரட்டும்" என்றார். அண்ணன் மறுக்கவில்லை. குழந்தையை அழைத்து வர அம்மாவும் நானும் பஸ் ஏறினோம்.

மதினிக்கு யாரும் எதையும் சைகையில் சொல்லியிருக்கவில்லை. சில நாட்களாகவே எல்லோருடைய முகங்களிலிருந்தும் அவர் படித்துவிட்டிருந்தார் போலும். அம்மா குழந்தையின் துணிகளை மடிக்கத் தொடங்கியதும், மகளை மடியில் இருத்திக்கொண்டு, புதிதாக வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். கருவேல நிழலில் தாய் ஆடும் குட்டியும். அடுத்து, பருத்தி லோடு ஏற்ற வந்த லாரி. குட்டி மட்டும் தழையை மென்றபடி அதை நோக்கிப் போகிறது. தாய் தலை நிமிர்ந்து தேடுகிறது. லாரியில் ஏறச் சாய்த்திருந்த பலகையில் குட்டியின் ஒரு கால்.

அதற்கடுத்த அட்டையை மதினி வைக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தார். குழந்தை தாய் ஆட்டைப் பார்த்தாள், குட்டியின் காலைப் பார்த்தாள், உடம்பு விறைத்தது.

"ஏறாத!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

நாங்கள் கதை சொன்னபோதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். இந்தக் கதையில் குட்டியைத் தடுக்க அவளைத் தவிர வேறு குரல் இல்லை.

மதினிக்கு அது கேட்கவில்லை. வாயைப் பொத்தி நின்ற அம்மாவைப் பார்த்தார். முன்பக்கக் கடையிலிருந்து ஓடி வந்த அண்ணனின் கண்ணீரைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கடைசி அட்டையை வைத்தார். குட்டி தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏறல! ஏறல!" என்று குழந்தை கைதட்டினாள்.

அம்மா மதினியின் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னார்: "நான் மட்டும் போறேன், தாயி. ஓம் புள்ளைய நீயே வளத்துரு."

இன்று அந்தப் பெண் நாலாம் வகுப்பு, வாய் ஓய்வதில்லை. போன மாதம் மதினியின் படக்கதை ஒன்று புத்தகமாகவே வந்துவிட்டது. மேலட்டையில் தலைப்பு போடக்கூட அவர் சம்மதிக்கவில்லை. வீரசோழன் ஊரிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த பெண்கள், கல்லாவில் கிடந்த அதைப் புரட்டிவிட்டுச் சேலையையே மறந்துபோனார்கள். "இவுக அக்கா தங்கச்சி" என்றார் ஒருவர், படத்திலிருந்த இரண்டு பெண்களைக் காட்டி. "இல்ல, சக்களத்திக. மொறைக்கிறதப் பாரு" என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு கதையாகக் கடையே இரைந்தது. யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல், அசையும் அத்தனை உதடுகளையும் பார்த்தபடி, மதினி ராணிபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.