சமையலறை மயிலின் கண்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன். ஆனால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனை குடும்பங்கள் நான் போட்ட தரையில் நடக்கின்றன தெரியுமா? டைல்ஸ் மேஸ்திரி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு அங்குலக் கண்ணாடிக் கற்களை ஒட்டியே சுவரில் மயிலையும் தாமரையையும் வரவழைப்பேன். வரைபடம் கிடையாது. எல்லாம் மண்டைக்குள்.

வம்பே அதில்தான் வந்தது. தோள்பட்டை பிடித்துக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல் நான் வீட்டில் உட்கார்ந்த பிறகு மனைவி மறுபடி ஆரம்பித்தாள்.

"ஊரார் வூட்ல எல்லாம் மயிலு ஆடுது. நம்ம சமையக்கட்டுல மட்டும் மிச்சசொச்ச கல்லுதானா?"

முப்பது வருஷமாகக் கேட்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிவிட்டேன். இப்போது கை எழும்பவில்லை. என்னோடு வேலை செய்த மேஸ்திரி ஒருவர் ஒட்டித்தர ஒப்புக்கொண்டார். ஆனால், "அண்ணா, உன் மண்டைல கீறது எனக்கு எப்டித் தெரியும்? கல்லு கல்லா வரைஞ்சி குடு" என்றார்.

பென்சில் பிடித்தால் கோடு நெளிந்தது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மருமகள் தன் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். "மாமா, இதுல ஒரு வரி எழுதினா ஒரு புள்ளி வைக்கும். இடமிருந்து எத்தனாவது கட்டம், எத்தனாவது வரிசை, என்ன கலர். அவ்வளவுதான்."

முதல் புள்ளியை வைத்தேன். திரையில் ஒன்றுமே காணோம்.

"இன்னாம்மா, மெஷினு ரிப்பேரா?"

"இருக்கு மாமா, கண்ணாடி போட்டுப் பாருங்க."

எறும்புத் தலையைவிடச் சின்னதாக ஒரு நீலம். என் முதல் கல்!

பிறகு விட்டேனா? மூன்று வாரம், கல்லுக்கு ஒரு வரி. நூறு புள்ளியை ஒரே வரியில் நிரப்பும் குறுக்கு வழி இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். எந்தச் சுவரிலாவது நூறு கல்லை ஒரே கையில் ஒட்டியிருக்கிறேனா? அந்தச் சோதனை நீலத்தை அழித்துவிட்டு, மயிலின் கண்ணை முதலிலேயே வெள்ளையில் வைத்து இடம் பிடித்துக்கொண்டேன். அப்புறம் தலை, கழுத்து, தோகை.

எழுதிய வரிகளை எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டதும் மயில் தலைகீழாகத் தொங்கியது. நாங்கள் சுவரில் வரிசையைக் கீழிருந்து எண்ணுவோம். அது மேலிருந்து எண்ணுகிறது. "மயிலா, வௌவாலா?" என்றாள் மனைவி. மருமகள் எல்லா வரிசை எண்களையும் ஒரே கழித்தலில் திருப்பினாள். அந்த ஒரு குறுக்கு வழியை மட்டும் அனுமதித்தேன்.

நிமிர்ந்த மயில் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. மனைவி மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்து பார்த்தாள்.

"கண்ணு எங்கய்யா?"

"மொதல்ல வச்சதே அதான்!"

ஆனால் இல்லை. மருமகள்தான் கண்டுபிடித்தாள். தலையை நிரப்பும்போது அதே இடத்தில் நீலத்தையும் வைத்திருக்கிறேன். பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிட்டது. சுவரில் இது நடக்காது. ஒட்டிய கல்மேல் இன்னொரு கல் உட்காராது, கைக்கு உடனே தெரிந்துவிடும். இந்தத் திரை வாயைத் திறக்கவே இல்லை.

"கோயில் சிலைக்கே கண்ண கடைசிலதான் தொறக்கறாங்க. நீ மொதல்லயே தொறந்துட்டு, மெஷினு மேல பழி போடற" என்றாள் மனைவி.

மருமகள் அந்த வரியைக் கடைசிக்கு நகர்த்தினாள். மாவுக் கையோடு மனைவியே பொத்தானை அமுக்கினாள். நீலத்துக்குள் ஒற்றை வெள்ளைப் புள்ளி விழித்தது.

அதைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக அச்செடுத்தோம். மேஸ்திரி இரண்டு நாளில் ஒட்டி முடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் அதட்டினேன். கண்ணுக்கான இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருந்தேன். வெள்ளைக் கல் ஒன்றில் பசை தடவி மனைவியிடம் நீட்டினேன். வைத்தாள். கோணல்.

கோணல் கல்லை நான் எங்கேயும் விட்டுவைத்தவனில்லை. நகத்தால் நெம்பப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்யா. தாளிக்கறப்ப என்னையே பாக்கும்."

விட்டுவிட்டேன். மேடவாக்கத்தில் நான் ஒட்டிய எந்த மயிலுக்கும் அந்தப் பார்வை கிடையாது.