ஹெல்மெட்டுக்கும் சாம்பல்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்காக, போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பலாக்குவதற்கு, எங்கள் ஊர் மாசாய்த் தேவாலய வாசலில் வருகிறவர்களிடம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒருவர் வந்து நின்றார். நரைத்த மீசைக்காரர், இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். அவருடைய ஓலை மோட்டார் கைப்பிடியில் கட்டியிருந்தது.

"ஓலையக் குடுங்கண்ணே, எரிக்கணும்."

"அலமாக்! புது ஓலை வர்ற வரைக்கும் என்னை யாரு தம்பி காப்பாத்துவா? தவக்காலம்னு லோரிக்காரன் பிரேக் போடுவானா?"

"சாம்பலாத் திரும்பி வந்துடும்ணே."

முடிச்சை மெதுவாக அவிழ்த்துக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வரிசையில் வந்தார். ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசி, "நீ மண்ணுக்கே திரும்புவாய்" என்றார். மீசைக்காரர் தலையாட்டிவிட்டு, உடனே ஹெல்மெட்டையும் நீட்டினார்.

"எனக்குச் சொன்னது சரி ஃபாதர். இதுக்குப் பூசறப்ப மட்டும் அதச் சொல்லிடாதீங்க லா."

ஃபாதர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஹெல்மெட்டின்மேல் சிலுவை போட்டார்.

மறுநாள் விடியும்போதே நல்ல மழை. எங்கள் வீட்டில் முதலில் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அப்படியிருந்தும் ஜன்னலோரம் நின்று, அவர் ஹெல்மெட்டிலிருக்கும் அந்தச் சாம்பல் மட்டும் கரைந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.