காரை விடச் சிறிய ஜெட்

ஜெர்மனியில், அயல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு பேர் பேருந்துக்காக நிற்கிறோம். தம்பியைப் பார்க்க, அனுமதித் தாள் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டி வந்திருக்கிறேன். பிடிபட்டால் என் அகதி வழக்குக்கு ஆபத்து. எதிர்க் கொட்டகையில் தடித்த ஜெர்மன்காரர் ஒருவர், காரை விடச் சிறிய ஜெட் விமானத்தை நாடாவால் அளக்கிறார். என்னைக் கண்டதும் ஏதோ கேட்கிறார்.

"அண்ணை, உங்கட நிறை எவ்வளவாம்?" என்கிறான் என் அறைக்காரன் சிவம்.

"ஏன்? திருப்பி அனுப்பவோ?"

"இல்லையண்ணை. உலகத்திலேயே சின்ன ஜெட் செய்யிறன் எண்டு குறைச்சுக் குறைச்சு, இப்ப அவராலயே ஏற ஏலாதாம். நீங்கள் இருந்தால் படமெடுப்பாராம்."

படமென்றால் நான் இங்கே வந்ததற்குச் சாட்சி.

"எனக்கு நூறு கிலோ எண்டு சொல்லு."

சிவம் அதைச் சொன்னதும் ஜெர்மன்காரர் என் எலும்புக் கைகளையும், கமராவுக்குப் படாமல் திருப்பிய என் முகத்தையும் பார்க்கிறார். கழுத்தில் தொங்கிய கமராவைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டு, விமானத்தின் கண்ணாடி மூடியைத் திறந்து பிடிக்கிறார்.

"உதுக்குள்ள பறக்கிறதுக்கு எண்ணெய் கிடக்கோ எண்டு முதல் கேள்" என்று சிவத்திடம் சொல்லி, இல்லை என்று பதில் வந்த பிறகே காலை உள்ளே வைக்கிறேன்.